செய்தியில் தவறு வந்துவிட்டால்: வட சென்னையின் சிறு செய்தித் தளங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி என்று வட சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா செய்தி தருகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். ஒரு இணையதளம், ஒரு யூடியூப் சேனல், ஒரு வாட்ஸ்அப் சேனல். வேலை பார்ப்பது மூன்று நான்கு பேர். செய்தியாளரே கேமராமேன், ஆள் வராத நாளில் அவரே சப் எடிட்டர். கழிவுநீர் கலந்து வரும் குடிநீரையும், ராத்திரி ஆனால் எழும் ரசாயன நாற்றத்தையும் விடாமல் எழுதுவது இவர்கள்தான். இந்த வழிகாட்டி இவர்களுக்காக.

தவறே வராத டெஸ்க் எங்கும் கிடையாது. வந்த தவறை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒழுங்கு முழுவதும் ஒரே விதியிலிருந்து வருகிறது என்று நான் நினைக்கிறேன்: தவறு எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் திருத்தமும் போய்ச் சேர வேண்டும். இணையதளத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, பத்து குரூப்களில் சுற்றும் நியூஸ் கார்டை (செய்தியை எழுதிய படத்தை) அப்படியே விட்டால் அது திருத்தம் ஆகாது.

வட சென்னையில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. ஒரு அடிதடிச் செய்தியில் இந்தப் பக்கத்துப் பையன் ஒருவனின் படம் தவறாக வந்தால், பார்க்கிறவர்கள் சந்தேகப்படுவதில்லை. ‘அந்த ஏரியாதானே, இருக்கும்’ என்று நம்பிவிடுகிறார்கள். அப்புறம் வேலைக்குப் போகும் இடத்தில், வாடகைக்கு வீடு கேட்கும் இடத்தில், பெண் பார்க்கப் போகும் இடத்தில் அந்தப் படம் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். பல வருடம் ஊரைப் பற்றித் தவறாகவே காட்டியதன் சுமை ஏற்கெனவே இந்த மக்கள் மேல் இருக்கிறது. அதில் நம் பங்கும் சேரக் கூடாது.

முதல் படி: தவறு எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது

பெரும்பாலான தவறுகள் பெயரிலும் எண்ணிலும் பிறக்கின்றன. நம் பகுதியில் அவை எங்கே ஒளிந்திருக்கும் என்பதை டெஸ்க்கில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

செய்தி ஏஜென்சியிடமிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்தியை அவசரமாகத் தமிழில் எழுதும்போது ராயபுரம் ராயப்பேட்டை ஆகிவிடும். இரண்டு இடத்திலும் பெரிய அரசு மருத்துவமனை இருப்பதால், ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரைத் தேடி உறவினர் ராயப்பேட்டைக்கு ஓடுவார்கள். கொருக்குப்பேட்டைக்கும் கொரட்டூருக்கும், எண்ணூருக்கும் எர்ணாவூருக்கும் இதே குழப்பம் வரும். வண்ணாரப்பேட்டை என்று மட்டும் எழுதினால் பழையதா புதியதா என்று உள்ளூர்க்காரர் கேட்பார். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத பேட்டையே இல்லை என்பதால், தெருப் பெயரோடு பகுதிப் பெயரையும் எழுதாவிட்டால் வேறு தெருவுக்குத்தான் ஆள் போய் நிற்பார்.

அனல் மின் நிலையங்கள் இன்னும் மோசம். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. வட சென்னை அனல் மின் நிலையம் என்ற பெயரில் சென்னை இருந்தாலும் அது இருப்பது திருவள்ளூர் மாவட்டம் அத்திப்பட்டில். வல்லூர் நிலையம் தனி. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் கட்டப்படும் நிலையம் தனி. ‘எண்ணூர் அனல் மின் நிலையத்தில் விபத்து’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், மற்ற மூன்று இடத்தில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டிலும் பதற்றம் பரவும்.

மணலியிலும் அப்படித்தான். மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் ஒரே வட்டாரம். புகையோ நாற்றமோ கிளம்பினால் எந்த ஆலையிலிருந்து என்பதுதான் செய்தி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு ஆலையின் பெயரை மாற்றிப் போட்டால், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதே மாறிவிடும்.

நிர்வாக எல்லையையும் சொல்ல வேண்டும். எண்ணூர், சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலத்தில் வருகிறது. ஆனால் எண்ணூர் காவல் நிலையம் 2022-இல் செயல்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. மழை விடுமுறையைச் சென்னைக்கும் திருவள்ளூருக்கும் அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் தனித்தனியாக அறிவிப்பார். மீஞ்சூர்ப் பள்ளிக்குச் சென்னை அறிவிப்பு செல்லாது.

எண்களில் முதலில் பார்க்க வேண்டியது ஏரிக் கணக்கு. புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, இது தேங்கும் நீரின் அளவு. திறந்துவிடும் நீர் வினாடிக்கு இத்தனை கன அடி, இது வேகம். இரண்டையும் குழப்பினாலோ 200-ஐ 2,000 ஆக்கினாலோ, உபரி நீர் போகும் வழியில் இருக்கும் வடகரை, மணலி, சடையங்குப்பம் மக்கள் வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாகப் போலீஸ் செய்திகள். ‘விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்’ என்பது கைது ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ‘பிரபல ரவுடி’ என்ற பட்டத்தை நாமாகச் சூட்டக் கூடாது. பிறகு அது தவறென்று தெரிந்தால், ஒரு சொல்தானே என்று விடாமல் முறைப்படி திருத்தம் போட வேண்டும். கைதானவரின் பெயரை வைத்து ஃபேஸ்புக்கில் படம் தேடி எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஒரே பெயரில், ஒரே வயதில், ஒரே பேட்டையில் பலர் இருப்பார்கள்.

இரண்டாம் படி: புகார் வர ஒரு வழி

தவறைச் சொல்ல வருகிறவருக்கு எங்கே சொல்வதென்று தெரிய வேண்டும். ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு மின்னஞ்சல், பொறுப்பாளரின் பெயர். இந்த மூன்றும் ஒவ்வொரு செய்தியின் அடியிலும், யூடியூப் விளக்கப் பகுதியிலும், வாட்ஸ்அப் சேனலின் விவரத்திலும் இருக்கட்டும். நம் வாசகர்களில் பலர் மெயில் அனுப்ப மாட்டார்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள், இல்லையென்றால் நேரே ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். இரண்டையும் புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, டிஜிட்டல் செய்தி வெளியிடுபவர் இந்தியாவில் இருக்கும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும். 15 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான விதி 9-இன் 1, 3 உட்பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்று சொன்னது. வழக்கு எந்தப் பக்கம் போனாலும், 24 மணி நேரத்தில் பதில் என்பது வாசகருக்கு நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. 15 நாள் என்பது எனக்கு ரொம்ப அதிகமாகத் தோன்றுகிறது. ஒருவரின் படம் தவறாக வந்திருந்தால் 15 நிமிடமே நீளம்தான்.

பத்திரிகைகளுக்கு 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பத்திரிகை கவுன்சில் இருக்கிறது. அதன் நெறிமுறைகள், தவறு தெரிந்தவுடன் உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வெளியிட வேண்டும், பெரிய பிழையென்றால் வருத்தமோ மன்னிப்போ தெரிவிக்க வேண்டும் என்கின்றன. டிஜிட்டல் தளங்கள் அதன் வரம்புக்குள் வராவிட்டாலும் அந்த நெறி நமக்கும் ஏற்றதே. நம் ஊர் ‘தி இந்து’ நாளிதழ் 2006-இலேயே வாசகர் புகார்களை விசாரிப்பதற்கென்று தனியாக ஒரு ரீடர்ஸ் எடிட்டரை அமர்த்தியது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் தனி ஆள் போட முடியாது. ஆனால் ஒரு விஷயம் முடியும்: செய்தியை எழுதியவரே அந்தச் செய்தி மீதான புகாரை விசாரிக்கக் கூடாது. இன்னொருவர் பார்க்கட்டும்.

மூன்றாம் படி: புகாரைக் காது கொடுத்துக் கேட்பது

இப்படி ஒரு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தம்பி, காலைல நீங்க போட்ட சண்டை வீடியோல மூணாவதா நிக்கிறது என் பையன்ப்பா. அவன் சண்டைக்கே போகல. பால் வாங்கப் போனவன். அவனைத் தேடுறாங்கன்னு போட்டிருக்கீங்களே!”

“சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன். வீடியோல எந்த இடத்துல வர்றாரு? என்ன சட்டை போட்டிருக்காரு?”

“நீலச் சட்டை. கையில பால் பை இருக்கும், நல்லாப் பாருங்க.”

“சரிம்மா. இப்பவே அந்த வீடியோவை யாரும் பார்க்காதபடி நிறுத்தி வைக்கிறேன். விசாரிச்சுட்டு அரை மணி நேரத்துல நானே உங்களைக் கூப்பிடுறேன். என் பேரு, நம்பர் குறிச்சுக்கோங்க.”

இதில் நான்கு காரியம் நடந்திருக்கிறது. என்ன தவறு, எந்த இடத்தில் என்று கேட்டாகிவிட்டது. தற்காலிக நடவடிக்கை எடுத்தாகிவிட்டது. நேரம் சொல்லியாகிவிட்டது. பொறுப்பேற்கும் ஆளின் பெயரும் கொடுத்தாகிவிட்டது. ‘போலீஸ் கொடுத்ததைத்தாம்மா போட்டோம்’, ‘மெயில் அனுப்புங்க, எடிட்டர் பார்ப்பாரு’, ‘எல்லாரும்தான் போட்டிருக்காங்க’ என்ற மூன்று வாக்கியங்களையும் டெஸ்க்கில் யாரும் சொல்லக் கூடாது. அந்தத் தாய்க்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

நான்காம் படி: கை வைப்பதற்கு முன் பதிவு

திருத்துவதற்கு முன்னால் செய்தி எப்படி இருந்ததோ அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தலைப்பு, உடல், படம், கேப்ஷன், நேரம் எல்லாம் தெரிய வேண்டும். வீடியோவானால் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு யாராவது ‘நீங்கள் இப்படிப் போட்டீர்கள்’ என்று சொன்னால், உண்மையில் என்ன போட்டோம் என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கூகுள் ஷீட் போதும். அதில் புகார் வந்த நேரம், சொன்னவர், செய்தியின் லிங்க், தவறு என்ன, சரியானது என்ன, அது எப்படி உறுதியானது, திருத்தம் போன இடங்கள், முடித்தவர் பெயர், தவறு எப்படி வந்தது என்பதற்கெல்லாம் ஒரு கட்டம் வேண்டும். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் எல்லோரும் தயங்குவார்கள். திட்டுவதற்காக அதைக் கேட்கவில்லை என்பதைப் பொறுப்பாசிரியர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: சரிபார்ப்பது

புகார் சொல்பவர் எல்லாரும் சரியாகவே சொல்வார்கள் என்றில்லை. வார்டு அரசியல்வாதி, காண்ட்ராக்டர், காவல் நிலைய எழுத்தர் எல்லோரும் ‘அது தப்பு, எடுங்க’ என்பார்கள். பிடிக்காத செய்தியையும் தவறான செய்தியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘எந்த வரி தவறு, சரியானது எது, அதற்கு என்ன ஆதாரம்?’ என்று பணிவாகக் கேளுங்கள். பதில் இருந்தால் விசாரியுங்கள். இல்லாவிட்டால் அவர் தரப்பைச் செய்தியில் சேர்க்கலாம்; அது திருத்தம் அல்ல.

சரிபார்க்க மூலத்துக்கே போங்கள். எஃப்ஐஆர் விவரம், மாநகராட்சி மண்டல அலுவலகம், மருத்துவமனையின் அதிகாரப்பூர்வத் தகவல், நீர்வளத் துறை அறிவிப்பு. இன்னொரு சேனலில் அப்படித்தான் வந்திருக்கிறது என்பது சரிபார்ப்பு ஆகாது. அவர்கள் நம்மைப் பார்த்தே எடுத்திருக்கலாம்.

சந்தேகம் தீரவில்லை, ஆனால் ஒரு ஆளின் மானம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்றால் என்ன செய்வது? யூடியூப் வீடியோவை பிரைவேட்டில் வையுங்கள். கட்டுரையில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ‘இந்தச் செய்தியின் ஒரு பகுதி மறுபரிசீலனையில் உள்ளது’ என்று மேலே எழுதுங்கள். அரை மணி நேரம் வியூஸ் போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஆறாம் படி: எந்த வகைத் தவறு?

எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை என்றால் சத்தமில்லாமல் சரி செய்யலாம். அதற்கெல்லாம் குறிப்பு போட்டால் உண்மையான திருத்தங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஒருவரின் பெயரில் வந்த எழுத்துப் பிழை இந்த வகையில் சேராது.

நிலைமை மாறியதால் செய்தி மாறினால் அது அப்டேட். காலையில் இரண்டு பேர் காயம், மதியம் மூன்று பேர் என்று தெரிந்தால் ‘புதிய தகவல்’ என்று போடுங்கள். நாம் தவறாக எழுதியதை மறைக்க ‘அப்டேட்’ என்ற பெயரைப் பயன்படுத்துவது பல தளங்களில் நடக்கிறது. அது வாசகரை ஏமாற்றுவதுதான்.

இடம், எண், தேதி, பெயர் தவறென்றால் அது திருத்தம். குறிப்பு கட்டாயம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பதை ஒரு நாள் மாற்றி எழுதினாலும் காசிமேட்டில் அது ஒரு நாள் பிழைப்பு.

ஒரு மனிதருக்குத் தீங்கு செய்த தவறு என்றால் திருத்தத்தோடு மன்னிப்பும் சேர வேண்டும். உயிரோடு இருப்பவரை இறந்துவிட்டதாக எழுதுவதும் இதில்தான் வரும். செய்தியே அடியோடு பொய்யென்றால் முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும்.

இன்னொரு வகை இருக்கிறது. இதில் விவாதத்துக்கே இடமில்லை, உடனே நீக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து அவர்களைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் வரை தடுக்கிறது. பெரிய நாளிதழில் ‘காசிமேட்டைச் சேர்ந்த சிறுமி’ என்றால் யாரென்று தெரியாமல் போகலாம். நம் வாசகர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். ‘ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் உள்ள தெருவில், மீன் வியாபாரியின் மகள்’ என்று எழுதினால் பெயரையே எழுதியதற்குச் சமம். அதேபோல் 18 வயது நிரம்பாத பையன் ஒரு வழக்கில் பிடிபட்டால், சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி அவன் பெயரும் படமும் வரக் கூடாது. போலீஸ் குரூப்பில் படம் வந்தது என்பது நமக்குப் பாதுகாப்பு ஆகாது. இந்த வகையில் திருத்தக் குறிப்பிலும் எந்த விவரமும் இருக்கக் கூடாது. ‘சட்டப்படி வெளியிடக் கூடாத தகவல் இருந்ததால் நீக்கியிருக்கிறோம்’ என்பதோடு நிறுத்துங்கள்.

ஏழாம் படி: திருத்தக் குறிப்பை எழுதுவது

சரியான தகவல் முதலில், தவறானது அடுத்து. இப்படி:

‘திருத்தம், மாலை 4.10: புழல் ஏரியிலிருந்து வினாடிக்கு 200 கன அடி உபரி நீர் திறக்கப்படுகிறது. பிற்பகல் 3.25 முதல் 4.05 வரை 2,000 கன அடி என்று தவறாக வெளியிட்டிருந்தோம். வருந்துகிறோம்.’

தவறு எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதினால், அதைப் பார்த்தவர் தான் பார்த்தது எது என்று தெரிந்துகொள்வார். மனிதருக்குத் தீங்கு செய்த தவறென்றால், அவர் பெயரை மறுபடி எழுதி அந்தப் பழியை இன்னொரு முறை பரப்பக் கூடாது. மேலே சொன்ன தாயின் மகன் விஷயத்தில் நான் இப்படி எழுதுவேன்:

‘திருத்தமும் மன்னிப்பும்: கொருக்குப்பேட்டை மோதல் குறித்து இன்று காலை 9.20-க்கு நாங்கள் வெளியிட்ட வீடியோவில், சம்பவத்தில் தொடர்பே இல்லாத ஒரு இளைஞரைத் தேடப்படுபவர் என்று காட்டிவிட்டோம். அவர் அந்த வழியாக நடந்து சென்றவர். அவர் மீது எந்த வழக்கும் இல்லை என்று காவல் துறை உறுதி செய்துள்ளது. அவரிடமும் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். பழைய வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிட்டு இதைப் பகிருங்கள்.’

அவர் குடும்பம், ‘பெயரைப் போட்டே சொல்லுங்க, எல்லாருக்கும் தெரியணும்’ என்று கேட்டால் பெயரோடு போடலாம். அது அவர்கள் முடிவு.

‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள். தவறு தானாக நேராது, ‘தவறாக வெளியிட்டோம்’ என்று எழுதுங்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்பதும் வேண்டாம். புண்பட்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறோம். செய்தியாளரின் பெயரைச் சொல்லிப் பழியைத் தள்ளாதீர்கள். வெளியிட்டது தளம், பொறுப்பும் தளத்துடையது.

சிறு தகவல் பிழையென்றால் குறிப்பு செய்தியின் அடியில் இருக்கலாம். தலைப்பையோ செய்தியின் சாரத்தையோ ஒரு மனிதரையோ பாதித்த தவறென்றால் முதல் பத்திக்கு மேலே வர வேண்டும்.

எட்டாம் படி: திருத்தத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது

பெரும்பாலான தளங்கள் சறுக்குவது இங்கேதான். கட்டுரையின் உடலைத் திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் உடலைப் படித்தவர்கள் குறைவு. தலைப்பைப் பார்த்தவர்களும் கார்டைப் பார்த்தவர்களும்தான் அதிகம்.

முதலில் தளத்துக்குள்ளேயே பாருங்கள். தலைப்பு, துணைத் தலைப்பு, படத்தின் கேப்ஷன், கூகுளுக்காகத் தனியாக எழுதிய தலைப்பு, லிங்க்கில் இருக்கும் சொற்கள் என ஒவ்வொன்றிலும் பழைய தவறு ஒட்டியிருக்கும். லிங்க்கில் ஒருவரின் பெயர் இருந்தால் லிங்க்கையே மாற்றி, பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். முகப்பில் இருக்கும் ‘தொடர்புடைய செய்திகள்’ பெட்டியையும் பாருங்கள்.

ஃபேஸ்புக்கில் பதிவின் எழுத்தைத் திருத்தலாம். ஆனால் லிங்க்கோடு வரும் தலைப்பும் படமும் பழையதாகவே நிற்கும்; ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் (Sharing Debugger) கருவியில் லிங்க்கைப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் கேப்ஷனை மாற்றலாம், போட்ட படத்தை மாற்ற முடியாது. தவறே படத்தில் இருந்தால் அந்தப் பதிவை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று சொல்லும் புதிய கார்டைப் போடுங்கள். எக்ஸ் தளத்தில் கட்டணம் கட்டாத கணக்குக்குத் திருத்தும் வசதி இல்லை. திருத்தத்தைத் தனிப் பதிவாகவும், பழைய பதிவுக்குப் பதிலாகவும் போட வேண்டும்.

யூடியூப்பில் அதே லிங்க்கில் வேறு வீடியோவை ஏற்ற முடியாது. தவறு ஒரு காட்சியில் மட்டும் என்றால் ஸ்டூடியோவிலேயே அந்தத் துண்டை வெட்டலாம், முகத்தை மங்கலாக்கலாம். தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றி, விளக்கப் பகுதியின் முதல் வரியில் திருத்தத்தை எழுதி, அதையே கமென்ட்டாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள். பேசியவர் சொன்னதே தவறென்றால் வீடியோவை எடுத்துவிட்டு, அதே முகம் அதே குரலில் திருத்தத்தைச் சொல்லும் சின்ன வீடியோ போடுவதுதான் முறை. அதிலிருந்து வெட்டிய ஷார்ட்ஸ், ரீல்ஸ் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். அவைதான் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட சென்னையில் செய்தி ஓடுவது அதில்தான். குரூப்பில் அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். இரண்டு நாள் வரை எல்லோருக்கும் அழிக்கலாம். ஆனால் அதற்குள் ஃபார்வர்ட் ஆனதை எதுவும் செய்ய முடியாது. ஆகவே அழித்தால் மட்டும் போதாது. திருத்தத்தையும் ஃபார்வர்ட் செய்யத் தக்க ஒரு கார்டாகச் செய்யுங்கள். முதல் கார்டின் அளவும் நிறமும் லோகோவும் அப்படியே இருக்கட்டும், மேலே பெரிய எழுத்தில் ‘திருத்தம்’ என்று இருக்கட்டும். பழைய கார்டைப் பார்த்தவர் கண்ணுக்கு இது அதனுடைய திருத்தம் என்று உடனே தெரிய வேண்டும். லிங்க் மட்டும் அனுப்பினால் டேட்டா தீர்ந்தவர் திறக்க மாட்டார். தெருச் சங்க குரூப், மீனவர் குரூப், அடுக்குமாடி குரூப் அட்மின்கள் யாரெல்லாம் நம் செய்தியை எடுத்துப் போடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். பெரிய தவறென்றால் அவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பி, ‘அண்ணே, காலைல போட்டது தப்பு, இதை குரூப்ல போட்டுடுங்க’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் சேருங்கள். அது நன்றாக வேலை செய்கிறது.

எல்லா கார்டிலும் தேதியும் நேரமும் இருக்க வேண்டும் என்பதைத் திருத்தத்தின் பகுதியாகவே சொல்கிறேன். தேதி இல்லாத ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ கார்டு அடுத்த மழைக்கும் திரும்ப வரும். அப்போது நம் லோகோவோடு ஒரு பொய் சுற்றும்.

புஷ் நோட்டிஃபிகேஷனில் போன தவறுக்குத் திருத்தமும் புஷ்ஷிலேயே போக வேண்டும். வெள்ளம், வாயுக் கசிவு, உயிரிழப்பு சம்பந்தமான தவறுக்கு இதில் தயக்கமே கூடாது.

ஒன்பதாம் படி: அழிக்கலாமா?

பொதுவாக வேண்டாம். செய்தியைத் திருத்தி, குறிப்போடு வைத்திருப்பதே நல்லது. சத்தமில்லாமல் அழித்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சும், அதற்குப் பதில் சொல்ல எதுவும் இருக்காது. செய்தியே பொய், சட்டம் தடுக்கிறது, உயிருக்கு ஆபத்து என்ற நிலைகளில் மட்டும் அழியுங்கள். அப்போதும் அந்த லிங்க்கில் ஒரு விளக்கம் நிற்கட்டும். கூகுள் தேடலில் பழைய வரிகள் தெரிந்துகொண்டிருந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் கூகுளின் கருவியில் விண்ணப்பிக்கலாம்.

பழைய செய்திகள் தனிக் கவனம் கேட்பவை. கைதானபோது படத்தோடு செய்தி போட்டோம். சில வருடம் கழித்து நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தச் செய்தியை யாரும் போடவில்லை. அவர் வந்து கேட்டால், நாம் அன்று எழுதியது தவறில்லை என்று சட்டம் பேசாதீர்கள். தீர்ப்பு நகலைப் பார்த்து, அதே செய்தியின் மேலே ‘இந்த வழக்கில் இவர் இன்ன தேதியில் விடுதலை செய்யப்பட்டார்’ என்று சேருங்கள். படத்தை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கைதைக் கார்டாகப் போட்டிருந்தால் விடுதலையையும் கார்டாகப் போடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து எல்லாவற்றையும் அழிக்கவும் வேண்டாம், வீம்புக்கு அப்படியே வைத்திருக்கவும் வேண்டாம். அவதூறு இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆவது பிரிவில் வருகிறது. வழக்கறிஞரிடம் காட்டி வாசகத்தை முடிவு செய்யுங்கள். ஆனால் தவறென்று நமக்கே தெரிந்த ஒன்றை, வக்கீல் பதில் வரட்டும் என்று ஒரு வாரம் ஓட விடக் கூடாது.

பத்தாம் படி: பாதிக்கப்பட்டவரிடம் திரும்பப் போவது

திருத்தம் போட்டதும் அவருக்கே முதலில் அனுப்புங்கள். சொன்ன நேரத்தில் கூப்பிடுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். கொருக்குப்பேட்டையில் இருப்பவரைப் பார்க்கத் தண்டையார்பேட்டையிலிருந்து போவது பெரிய தூரமில்லை. பையன் வேலை பார்க்கும் இடத்தில் காட்டுவதற்கு நம் தளத்தின் பெயரில் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள். அதற்கு எந்த நெறிமுறையிலும் விதி இல்லை. இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உதவுவது அந்தக் கடிதமாகவே இருக்கலாம்.

அப்புறம் வாரா வாரம் அந்த ஷீட்டைத் திறந்து எல்லோரும் சேர்ந்து பாருங்கள். இடப்பெயர்த் தவறு திரும்பத் திரும்ப வந்தால் டெஸ்க்கில் ஒட்டிய பட்டியலில் அந்தப் பெயரைச் சேருங்கள். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்த ஏஜென்சி செய்தியில் தவறு வருகிறதென்றால், மூலத்தோடு ஒரு முறை ஒப்பிடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று வையுங்கள். ஏஜென்சிகளே அனுப்பும் திருத்தங்களைக் கவனிக்க ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் பொறுப்பு.

தளத்தில் ‘திருத்தங்கள்’ என்று ஒரு பக்கம் திறந்து, எல்லாத் திருத்தத்தையும் தேதி வாரியாக வையுங்கள். முகப்பிலிருந்து ஒரே தட்டில் அங்கே போக முடிய வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது முடியாத புகார்களை அடுத்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், ஷீட்டில் அவர் பெயரை எழுதி, அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு கிளம்புங்கள்.